எந்தக் குழாய் சிவக்கும்

மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "தண்ணி விக்கிறார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்வது? சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழாய். அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு சொட்டு. அதைப் பனிக்கட்டியில் புதைத்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புகிறது அவருடைய கம்பெனி. ஒரு நாள் குழாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். மேலே 'மனித என்சைம்' என்று இருந்தது. கீழே 'மனிதருக்குக் கொடுக்கக் கூடாது' என்று இருந்தது.

"ஏன் மாப்பிள்ளை, மனுசனோடதுங்கறீங்க, மனுசனுக்கு ஆகாதுங்கறீங்க. அப்ப யாருக்கு? மாட்டுக்கா?"

"ஆராய்ச்சிக்கு மட்டும்தான் மாமா. இது மருந்து இல்ல."

"யார் உடம்புலேருந்து எடுத்தது?"

"யார் உடம்புலேருந்தும் இல்ல. நம்ம உடம்புக்குள்ள அதைச் செய்யறதுக்கு ஒரு குறிப்பு இருக்கு. அந்தக் குறிப்பை பாக்டீரியாவுக்குள்ள வச்சிடுவோம். அது பெருகப் பெருகச் செஞ்சு குடுத்துடும்."

"கிருமி செய்யுது, பேரு மனுசனுக்கு. நல்ல வியாபாரம்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "அவர்கிட்டப் போய் ஏன் மாப்பிள்ளை விளக்கம் சொல்றீங்க? கடவுளே நேர்ல வந்து நின்னாலும் அடையாள அட்டை கேக்கற ஆளு."

கேட்பேன்தான். லாரி எடைமேடையில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். சரக்கோடு வரும்போது லாரிக்காரன் வண்டிக்கு அடியில் கல்லைக் கட்டிக்கொண்டு வருவான். காலி வண்டியாகத் திரும்பும்போது கல்லை அவிழ்த்துவிட்டு வந்து நிற்பான். பார்த்தால் சாமியார் போல இருப்பான். அதனால் எங்கள் மேடைக்கு எடை படிக்கப் புதிதாக ஓர் ஆள் வந்தால் நான் ஒன்று செய்வேன். ஒரே லாரியைச் சுற்றி வரச் சொல்லி, அவனுக்குத் தெரியாமல் இரண்டு தரம் மேடையேற்றுவேன். இரண்டு தரமும் ஒரே எடை சொன்னால் ஆள் தேறுவான். வேறுவேறாகச் சொன்னால் அன்றைக்கே கணக்கு முடிந்தது.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைத்தான் இந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்தது. சின்னவள் எங்களோடு இருக்கிறாள், குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். தண்ணீரில் இறங்கினால் மீன், கரையேறினால் வாயாடி. அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாள். வலி விட்ட பிறகு தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியாது. முதலில் குடல்வாலை எடுத்தார்கள். அடுத்த மாதமே வலி வந்து, 'நான் அங்கே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனது. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சுத்தம் என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர், "மனசுல ஏதாவது கஷ்டமாம்மா?" என்று கேட்டார். சின்னவள், "இப்ப நீங்க கேட்டதுதான் கஷ்டம்" என்றாள்.

அதற்குப் பிறகு அறுவை டாக்டர் ஒருவர் பித்தப்பையில் கல்லைப் பார்த்தார். பையையே எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார். அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில், பரம்பரை வியாதிகளைப் பார்க்கிற பெண் டாக்டர் ஒருத்தி குறுக்கே வந்தாள். சின்னவளின் வலி வேறு ஒரு வியாதியாக இருக்கலாம் என்றாள். வலியின்போது பிடித்த சிறுநீரை வைத்தே கண்டுபிடித்திருக்கலாமாம். வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டியதை வார்டில் ஜன்னலோரம் வெயிலில் வைத்துக் கெடுத்திருந்தார்கள். வலி இல்லாதபோது பிடித்துப் பார்த்ததோ இரண்டுங்கெட்டானாக இருந்தது.

அந்த வியாதி என்னவென்று மாப்பிள்ளைதான் எனக்குச் சொன்னார். அவர் செய்து விற்கிற சொட்டுக்கும் அதற்கும்தான் சம்பந்தம்.

"இரத்தம் சிவப்பா இருக்க ஒரு பொருள் வேணும் மாமா. உடம்பு அதைப் படிப்படியாச் செய்யுது. நடுவுல வர்ற சரக்குக்கு போர்ஃபிரின்னு பேரு. ஒவ்வொரு படியிலயும் ஒரு என்சைம் நின்னு வேலை பாக்குது, ஆள் நிக்கற மாதிரி. மூணாவது ஆள் மந்தமா இருந்தான்னா, அவன்கிட்ட வந்த சரக்கு நகராது."

"மேடை ரிப்பேர்னா ரோடு பூரா லாரி நிக்குமே, அந்த மாதிரி."

"அதேதான். தேங்கி நிக்கறது நரம்பைத் தாக்கும். வயித்துவலி, கையில பலமில்லாமப் போறது, எல்லாம் அதனால வரும். அந்த மூணாவது என்சைமைத்தான் நாங்க செய்யறோம்."

"அப்ப சின்னவளுக்கு அதுதானா?"

"அங்கதான் சிக்கல். அவளோட குறிப்புல ஒரு எழுத்து மாறியிருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் இந்த மாற்றத்தைப் பாத்ததா எங்கயும் இல்ல. வேலையைக் கெடுக்கற மாற்றமாவும் இருக்கலாம். சும்மா மச்சம் மாதிரி இருந்துட்டுப் போற மாற்றமாவும் இருக்கலாம்."

மச்சமாக இருந்தால் பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். கெடுக்கிற மாற்றம் என்றால், அறுவைக்கு முன்னால் பட்டினி போடுவதும், வழக்கமாகக் கொடுக்கிற மயக்க மருந்துகளில் சிலதும் சேர்ந்து அவளை மூச்சு நிற்கிற அளவுக்குக் கொண்டுபோய்விடும். இது அந்தப் பெண் டாக்டர் சொன்னது. அறுவை டாக்டருக்கோ, தெரியாத ஓர் எழுத்துக்காக அறுவையைத் தள்ளிப்போட மனமில்லை.

மாப்பிள்ளை தன் கம்பெனி மேலாளரம்மாவிடம் போய் நின்றார். நாம் செய்கிற அதே என்சைமை அந்த ஓர் எழுத்தை மாற்றியும் செய்து பார்ப்போம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை வாங்குவோம் என்றார். பெண் டாக்டரும் எழுதிக் கேட்டாள். மேலாளரம்மா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அளக்கிறவருக்கு எந்தக் குழாயில் எது என்று தெரியக் கூடாது. அவர்கள் வழக்கமே அதுதானாம். கணக்குப் பிரிவிலிருந்து யாராவது வந்து பழைய சீட்டைக் கிழித்துவிட்டு எண் போட்ட சீட்டை ஒட்டுவார்கள். எந்த எண் எது என்று எழுதி உறையில் போட்டுத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். அளந்து முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பது.

இதைக் கேட்டிருந்த நான், சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகி, குழாய்களும் தயாரான அன்று காலை மாப்பிள்ளையோடு கிளம்பிப் போய்விட்டேன். மேலாளரம்மாவுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சீட்டு நான் ஒட்டறேன்" என்றேன்.

"ஐயா, நீங்க அந்தப் பொண்ணோட அப்பா."

"அதனாலதான். உங்க யாரையும் நான் நம்பல."

மாப்பிள்ளை நெளிந்தார். அந்தம்மா சிரித்துவிட்டார். "எங்களை நம்பாத ஆள்தான் இதுக்கு வேணும். ஆனா ஒட்டிட்டு வெளிய போயிடணும். உங்க மாப்பிள்ளை அளக்கற ரூமுக்குள்ள வரக் கூடாது. அவர் முகத்தைப் பாத்து நீங்க ஜாடை காட்டக் கூடாது, உங்க முகத்தைப் பாத்து அவர் கண்டுபிடிக்கக் கூடாது."

"என் முகத்தைப் பாத்து என் பொஞ்சாதியே இதுவரைக்கும் ஒண்ணும் கண்டுபிடிச்சதில்ல."

ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்தார்கள். கையுறை மாட்டிவிட்டார்கள். எதிரே வாளி நிறையப் பனிக்கட்டித் தூள். அதில் செருகிய குழாய்கள். வெள்ளைச் சீட்டு ஒட்டியது நல்ல என்சைம், நீலச் சீட்டு ஒட்டியது சின்னவளுடைய மாற்றத்தோடு செய்தது. "பனியை விட்டு எடுத்தா சீக்கிரம் ஒட்டிட்டுத் திரும்ப உள்ள வச்சிடுங்க மாமா, சூடு பட்டா செத்துடும்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கதவைச் சாத்தினார்.

உட்கார்ந்து யோசித்தேன். மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும்? மச்சினியைப் பைத்தியம் என்று யாரும் சொல்லக் கூடாது, அறுவை நிற்க வேண்டும். அப்படியானால் இரண்டு குழாயும் வேறுவேறு என்று சொல்லத்தான் அவர் வாய் துடிக்கும். மேலாளரம்மாவுக்கு என்ன வேண்டும்? மாறின எழுத்தோடு ஒரு புதுச் சரக்கு, அதையும் விற்கலாம். அவருக்கும் வித்தியாசம் இருந்தால்தான் லாபம். எல்லோருக்கும் ஒரே பதில் வேண்டியிருந்தால் அந்தப் பதில் எப்படியாவது வந்துவிடும். எடைமேடையில் நான் பார்க்காததா?

வெள்ளைச் சீட்டுக் குழாய்களை மட்டும் எடுத்தேன். பாதிக்கு ஒரு வரிசை எண், மீதிப் பாதிக்கு இன்னொரு வரிசை எண். இரண்டு வரிசையிலும் இருப்பது நல்ல என்சைமே. நீலச் சீட்டுக்காரர்களைப் பனிக்கட்டிக்கு அடியில் ஆழமாகச் செருகி மூடிவிட்டேன். வித்தியாசம் இருக்கிறது என்று இவர்கள் வந்து நின்றால் குட்டு உடைந்துவிடும். இல்லை என்று சொன்னால் நாணயமான ஆட்கள், உண்மையை எடுத்துச் சொல்லி நீலத்தை அப்போது கொடுத்துக்கொள்ளலாம். உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். எனக்கு அன்றைக்கு டீ ருசியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானே எழுந்து போனேன். மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் நனைந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி நல்லா வேலை செய்யுது. வித்தியாசமே இல்ல."

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. சொல்ல ஆசைப்பட்டதைச் சொல்லாமல், கண்ட எடையைச் சொல்லியிருக்கிறார். ஆள் தேறிவிட்டார்.

"சரி, அழாதீங்க. உறையைப் பிரிக்கலாம் வாங்க" என்றேன்.

"அதுல என்ன இருக்கு? ரெண்டும் ஒண்ணுன்னு ஆனப்புறம் எந்த நம்பர் எதுவா இருந்தா என்ன? அவகிட்ட சொல்லிட்டேன்."

"எவகிட்ட?"

"உங்க பெரியவகிட்ட. அவ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா. சின்னவ அறுவைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாளாம். நாளைக்குக் காலைல முதல் ஆளா எடுத்துக்கறாங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. உறையைப் பிரிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரே மாதிரி வந்தால் உறையே வேண்டாம் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

"மாப்பிள்ளை, ரெண்டு வரிசையிலயும் நான் நல்லதைத்தான் வச்சேன். நீலத்தை வைக்கவே இல்ல."

அவர் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எழுந்து மேலாளரம்மாவின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

அந்தம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். முதலில் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "உறை பிரிக்கறதுக்கு முன்னாடி வெளிய போன் பண்ணலாமா? வழக்கம் எதுக்கு இருக்கு?" பிறகு என்னிடம் வந்தார். "ஐயா, என்சைமே ஊத்தாத குழாய் ஒண்ணு, வேகவச்சுச் சாகடிச்ச என்சைம் ஒண்ணு, இதையெல்லாம் நாங்களே ஒவ்வொரு தடவையும் கூட வைக்கறோம். எங்களை நாங்களே நம்பாததாலதான் வைக்கறோம். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"கேட்டா நீங்க சொல்றதை நம்பணுமே."

"நீலம் எங்க? பாக்கெட்லயா?"

"பனிக்கட்டிக்கு அடியில."

வாளியைக் கொண்டுவரச் சொல்லித் தானே கையை விட்டுத் துழாவினார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லவேளை. சட்டைப் பையில போட்டிருந்தீங்கன்னா திரும்பச் செய்யறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்." கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தடித்த கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். இந்தத் தரம் சீட்டு அவர் கையில்.

மாறின குழாயிலும் மாறாத குழாயிலும் ஒரே மூலச்சரக்கை ஊற்றி, உடம்புச் சூட்டில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அது வேலை செய்கிற நேரத்துக்கு நாம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அளப்பதை இந்தத் தரம் மேலாளரம்மாவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சின்னவளுக்குப் போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரி எடுத்தாள். "அவ சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கா. வலி வேற ஆரம்பிச்சிருக்கு. 'நான் நடிக்கறேன்னு எல்லாரும் சொன்னது சரிதானாம்மா?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. என்ன ஆச்சு உங்களுக்கு, குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"என்னை எடை போட்டீங்க மாமா. போடுங்க, தப்பில்ல. அவளை ஏன் மேடையில ஏத்துனீங்க?"



சாயங்காலம் மேலாளரம்மா கதவைத் திறந்தார். "உள்ள வாங்க ஐயா. கையால எதையும் தொடாம, கண்ணால மட்டும் பாருங்க."

அறையை இருட்டாக்கியிருந்தார்கள். மேசைமேல் ஓர் ஊதா விளக்கு. அதற்கடியில் தாங்கியில் குழாய்கள். மூன்றாவது ஆள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்த விளக்கில் சிவந்து ஒளிரும் என்று மாப்பிள்ளை காதோடு சொன்னார். விளக்கைப் போட்டார்கள்.

ஒரு வரிசை சிவந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை. அடுப்பில் கனிகிற கரிக்கு உள்ளேயிருந்து வருமே, அந்த மாதிரி குழாய்க்குள்ளேயே யாரோ தீ வைத்த சிவப்பு. பக்கத்து வரிசை சும்மா கிடந்தது. குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குப் பார்த்தேன். ஏதோ ஒரு மங்கல், அவ்வளவுதான். என்சைமே ஊற்றாத குழாயோடு அதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை.

மெஷினில் வைத்து ஒளியின் அளவையும் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்காரர் தன் உறையைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் படிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மங்கல் வரிசை நீலம்.

"ஐயா, இது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்ல" என்றார் மேலாளரம்மா. "எங்க சரக்கு ஆராய்ச்சிக்கு உள்ளது. குழாய்க்குள்ள என்ன நடந்ததுன்னுதான் நான் சொல்ல முடியும். உடம்புக்கு என்ன செய்யணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்." சொல்லிக்கொண்டே அந்தப் பெண் டாக்டருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். காலையில் நடந்த கூத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு டாக்டரின் குரல் வந்தது. "அறுவையை நிறுத்தச் சொல்றேன், அவர்கிட்ட நான் பேசிக்கறேன். இப்ப வலி இருக்குன்னா நல்லதாப் போச்சு. இப்பவே சிறுநீர் பிடிச்சு, பாட்டிலை வெளிச்சம் படாம சுத்தி நேரா எனக்கு அனுப்பச் சொல்றேன். முக்கியமா அவங்க பட்டினி கிடக்கக் கூடாது. யாராவது போய் அவங்களைச் சாப்பிட வைங்க."

மாப்பிள்ளையின் வண்டியில் போனோம். சிக்னலில் நின்றபோது, "மாமா, அந்தச் சிவப்பைப் பாத்தீங்கல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"நான் செஞ்சது அது."

"தெரியுது மாப்பிள்ளை. தண்ணி இல்ல அது."

வார்டில் சின்னவளின் கட்டில் கம்பியில் 'உணவு கொடுக்கக் கூடாது' என்று அட்டை தொங்கியது. அவள் அப்படியே சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள். தலைமாட்டில் என் வீட்டுக்காரி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குழாயை மறைத்ததைச் சொன்னேன், டீ குடித்ததைச் சொன்னேன், நீல வரிசை சிவக்காமல் கிடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மாறினது ஒண்ணுக்கும் உதவாது" என்றேன். "அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு குறிப்பு வருமாம். ஒண்ணு நல்லா இருக்கறதாலதான் நீ நடமாடிட்டு இருக்க."

"கெட்டது எங்கேருந்து வந்திருக்கும்னு டெஸ்ட் எடுக்கவே வேண்டாம்" என்றாள் வீட்டுக்காரி என்னைப் பார்த்து.

சின்னவள் மெல்லத் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. "அப்ப என் வலி நிஜம்."

"நிஜம்."

"நீங்க நம்பறீங்களா?"

"கண்ணால பாத்துட்டேன்."

"பாக்கறதுக்கு முன்னாடி?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

"முன்னாடி நம்பல" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மதியத்துலேருந்து நான் எனக்குப் பைத்தியம்னு நினைச்சுட்டு இங்க கிடந்தேம்பா. நானே என்னை நம்பல. நீங்க அங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"இப்படி ஆமான்னு சொன்னா நான் எப்படிச் சண்டை போடறது?"

அதற்குள் நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பாட்டில், கறுப்புத் தாள், ஒரு தட்டு. கம்பியிலிருந்த அட்டையைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். முதலில் சின்னவளைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பிவந்து, பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றித் தானே கையோடு எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, "சர்க்கரையைக் குறைக்காதீங்க, நிறையப் போட்டுச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

தட்டில் ரொட்டியும் சர்க்கரை போட்ட பாலும் இருந்தன. சின்னவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் ரொட்டியைப் பாலில் தோய்த்தாள். வீட்டுக்காரி ஊட்டப் போனதற்கு முறைத்தாள். வலியில் இடையிடையே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாலும் நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

வாயில் ரொட்டி இருக்கும்போதே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "அத்தான், அந்தக் குழாயெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, இருக்கு."

"வச்சிருங்க. நான் நடக்க ஆரம்பிச்சதும் வந்து பாக்கணும். இவர் சொன்னதை வச்சு மட்டும் நான் எதையும் நம்பறதா இல்ல."